கரையடி ஈரம்

தியாகராய நகர்
7 அக்டோபர் 2024

அன்புத் தம்பி தனபாலனுக்கு,

அக்கா சொர்ணம் எழுதுவது. இங்கே நான், உன் அத்தான், வெங்கடேஷ், மருமகள் ஷண்முகப்ரியா எல்லோரும் சௌக்கியம். நீயும் சீதாவும் பூஜாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று நங்கநல்லூர் ஆஞ்சநேயரிடம் சொல்லிவிட்டு வந்த கையோடு பேனாவை எடுத்திருக்கிறேன்.

போன வாரம் நீ போன் செய்ததாக வெங்கடேஷ் சொன்னான். என்னிடம் கொடுத்திருந்தாலும் பயனில்லை. காது மெஷினை மாட்டிக்கொண்டால் எதிரே நின்று சத்தமாகப் பேசுகிறவர்கள் சொல்வது ஓரளவு பிடிபடுகிறது. போனில் வெறும் இரைச்சல், மாவு மில்லுக்குள் நிற்கிற மாதிரி. ஆபரேஷன் செய்தாலும் பலன் இராது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். உன் பட்டன் போனிலோ தமிழ் வராது. அதனால் நமக்கு இனிமேலும் தபால்காரர்தான் துணை.

உன் போன கடிதத்தின் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாய். வீட்டுக்குப் பின்னால் தென்னையடியில் இந்தப் புரட்டாசி வெயிலிலும் ஈரம் காயவில்லை, சீதா அங்கே கீரை விதைத்திருக்கிறாள் என்று. நீ சந்தோஷமாகத்தான் எழுதினாய். எனக்கு அந்த வரியைத் தாண்டிப் படிக்க முடியவில்லை. நம் வீட்டுக்குப் பின்னால் தென்னை, தென்னைக்குப் பின்னால் குளத்துக் கரை. நடுவில் வேறு ஒன்றும் கிடையாது. மழையில்லாத நாளில் அந்த ஈரம் எங்கிருந்து வருகிறது, தம்பி?

பதில் போடு. பூஜாவை நன்றாகப் படிக்கச் சொல்.

அன்புடன்,
அக்கா


தாழைக்குளம்
19 அக்டோபர்

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் வந்தது. இங்கே நாங்கள் மூவரும் நல்லபடியாக இருக்கிறோம். பூஜாவுக்கு மட்டும் கொஞ்சம் சளி, சீதா கஷாயம் வைத்துக் கொடுத்ததில் குறைந்துவிட்டது. அத்தானுக்குச் சர்க்கரை எப்படி இருக்கிறது? தீபாவளி நெருங்குகிறது, பாத்திரக் கடையில் நின்றுகொண்டே இருப்பார். காலைப் பார்த்துக்கொள்ளச் சொல்.

ஈரத்தைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். மண் கரை என்றால் கொஞ்சம் வேர்க்கத்தான் செய்யும், மண்பானை வேர்க்கிறதில்லையா? அப்பா இந்த வீட்டைக் கட்டும்போதும் கரை இதே கரைதான்.

மலையில் நல்ல மழை. குளம் நிறைந்துகொண்டு வருகிறது. பாசன சங்கத்துக்கு இந்தத் தடவையும் என்னையே தலைவராகப் போட்டுவிட்டார்கள். கடைமடை வயல்களுக்குத் தண்ணீர் எட்டுவதில்லை என்று சக்திவேல் கூட்டத்தில் ஒரே சத்தம். அவன் வயல் கடைசியில் கிடக்கிறது, அவன் கோபம் நியாயம்தான். உபரித் தண்ணீர் வெளியேறுகிற மறுகாலில் மணல் மூட்டை அடுக்கி, ஓடைக்கு வழிந்து வீணாகிற தண்ணீரையும் குளத்திலேயே தேக்கலாம் என்று முடிவானது. நானும் சரி என்றேன். எனக்கு இன்னொரு ஆசையும் உண்டு. குளத்து நடுவில் இருக்கும் கருவேல மரங்களில் நத்தைகுத்தி நாரைகள் வந்து இறங்க ஆரம்பித்துவிட்டன. மரத்தைச் சுற்றித் தண்ணீர் நின்றால்தான் அவை நம்பிக் கூடு கட்டும். தண்ணீர் வற்றினால் நாயும் நரியும் நடந்தே போய்விடும். போன வருஷம் குஞ்சுகளைக் கடித்துப் போட்டதைப் பார்த்துப் பூஜா சாப்பிடவே இல்லை.

கரையில் முள்ளம்பன்றி வளை தோண்டியிருந்தது. அதையும் அடைத்தாயிற்று. நீ நிம்மதியாக இரு.

இப்படிக்கு,
தம்பி தனபாலன்


தியாகராய நகர்
2 நவம்பர்

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் நலமாகத் தீபாவளி கொண்டாடியிருப்பீர்கள். இங்கேயும் நலம். ரங்கநாதன் தெருக் கூட்டம் நம் சந்துக்குள்ளும் வழிந்து, உன் அத்தான் மூன்று நாளாக வீட்டுச் சோறு சாப்பிடவில்லை. மற்றபடி திடமாக இருக்கிறார்.

நீ முள்ளம்பன்றி வளையைப் பற்றி ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டாய். நான் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நம் கடைக்கு மயிலாப்பூரிலிருந்து ஒரு பெரியவர் வருவார். பொதுப்பணித் துறையில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். குத்துவிளக்கு வாங்க வந்தவரை உட்கார வைத்துக் கேட்டுவிட்டேன். அவர் என் காதுக்கு எட்டும்படி சத்தமாகவே சொன்னார்.

"ஈரமா இருக்கறது பெரிசில்லை, மாமி. அந்தத் தண்ணி தெளிவா வரதா, கலங்கிண்டு வரதா? அதைச் சொல்லுங்கோ."

"தெரியாதுங்களே. கலங்கி வந்தா என்ன?"

"கலங்கி வந்தா, கரை உள்ளேயே கரைஞ்சுண்டிருக்குன்னு அர்த்தம். மேலே பாத்தா ஒண்ணும் தெரியாது. புல்லு கூட பச்சைப்பசேல்னு இருக்கும். உள்ளே எலி வளை மாதிரி ஒரு வழி உண்டாயிண்டே இருக்கும். ஒருநாள் மொத்தமா உக்காந்துடும். தண்ணியை உடனே மெதுவா இறக்கணும். கரைக்குக் கீழே யாரும் குடியிருக்கப்படாது."

கடையில் அவ்வளவு கூட்டத்தையும் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். தம்பி, நான் வேறு எதுவும் கேட்கவில்லை. ஒரு டம்ளரில் அந்தத் தண்ணீரைப் பிடித்துப் பார். தெளிவா, கலங்கலா? ஒரே வார்த்தை எழுது. போதும்.

சீதாவுக்கும் பூஜாவுக்கும் என் அன்பு.

அக்கா


தாழைக்குளம்
17 நவம்பர்

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் அம்மன் துணையிருப்பாள். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, நடவு வேலை.

இந்த வருஷமும் ஊரில் ஒரு வெடி வெடிக்கவில்லை. வெளியூரிலிருந்து வந்த பிள்ளைகள்கூட நாரைகளுக்காக வெறும் மத்தாப்போடு நின்றுகொண்டார்கள். இப்போது போய்ப் பார்த்தால் கருவேல மரம் ஒவ்வொன்றும் பஞ்சு காய்த்த மாதிரி வெள்ளையாக இருக்கிறது. அடைகாக்கிறவை, குச்சி கொண்டு வருகிறவை, பக்கத்துக் கூட்டுக் குச்சியைத் திருடுகிறவை. பூஜா பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கரைமேல் போய் உட்கார்ந்துவிடுகிறாள். சீதாதான் ஏனோ அவளை அங்கே போகாதே என்று திட்டிக்கொண்டே இருக்கிறாள்.

நடவு முடிந்தது. சக்திவேலின் கடைமடை வயலுக்கும் இந்த முறை தண்ணீர் போய்விட்டது. வழியில் என்னைப் பார்த்து, "அண்ணாச்சி, எங்க அப்பா காலத்துல இருந்து இப்பதான் இந்த வாய்க்கால்ல முழங்காலளவு தண்ணியப் பாக்கேன்" என்று கையைப் பிடித்துக்கொண்டான். அவன் கண் கலங்கியிருந்தது. ஒரு மனிதனை அப்படிப் பார்த்த பிறகு குளத்துத் தண்ணீரைக் குறைப்பதைப் பற்றி எப்படிப் பேசுவது?

சீதா உனக்கு உப்பு நார்த்தங்காய் போட்டு வைத்திருக்கிறாள். ஆள் யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறோம். பூஜா கணக்கில் முதல் மதிப்பெண். வெங்கடேஷிடம் சொல், சந்தோஷப்படுவான். மெஷினுக்குப் புது பேட்டரி மாற்றினாயா?

இங்கே எல்லாம் நன்றாகவே இருக்கிறது.

தம்பி


தியாகராய நகர்
23 நவம்பர்

தம்பி தனபாலனுக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்பது உன் கடிதத்தைப் படித்தும் எனக்குத் தெரியவில்லை.

நாரை பற்றி எழுதினாய், நார்த்தங்காய் பற்றி எழுதினாய், பேட்டரி பற்றிக்கூடக் கேட்டாய். நான் கேட்ட ஒன்றுக்கு மட்டும் பதில் இல்லை. நீ மறக்கிறவன் இல்லை. சின்ன வயதிலிருந்தே உனக்கு வாயில் பொய் வராது. பொய் சொல்ல வேண்டிய இடத்தில் பேச்சை மாற்றுவாய்.

சைதாப்பேட்டையில் நாங்கள் ஆற்றோரம் கீழ்வீட்டில் குடியிருந்ததும், 2015 வெள்ளத்தில் வீடு போனதும் உனக்குத் தெரியும். நடந்ததை முழுதாக உன்னிடம் சொன்னதில்லை. காலையில் வாசல்படியில் தண்ணீர் வந்து நின்றது. கணுக்காலளவுதான். நான் அரிசி டப்பாவைப் பரண்மேல் ஏற்றலாமா, மிக்சியை ஏற்றலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஆட்டோ ஓட்டுகிற வேலு ஓடி வந்து கத்தினான். "யக்கா, இன்னாத்துக்கு யோசிச்சுகினு நிக்கிறே? தண்ணி இன்னா சொல்லிகினா ஏறும்? எல்லாத்தையும் போட்டுட்டு மேல வா!" என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மாடிக்குப் போனான். எதிர்வீட்டு ஷீலாவையும் கூப்பிட்டான். அவள் சிரித்துக்கொண்டே, "நீ போ நைனா, தையல் மிசின மட்டும் கட்டில் மேல வெச்சிட்டு வந்துர்றேன்" என்றாள். நான் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் வீட்டுக் கதவு உள்பக்கமாகத் தண்ணீரில் அடைத்துக்கொண்டது. கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது. அப்போது எனக்குக் காது நன்றாகக் கேட்கும், தம்பி. பிறகு சத்தம் நின்றுபோனது.

இப்போது மெஷினைக் கழற்றினால் மழை பெய்வதுகூட எனக்குத் தெரிவதில்லை. ஜன்னல் கம்பியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். ஆனால் அந்தத் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்கிறது.

பூஜாவையும் சீதாவையும் இங்கே அனுப்பு. உடனே.

அக்கா


தாழைக்குளம்
1 டிசம்பர்

மரியாதைக்குரிய மதினிக்கு,

சீதா வணக்கமாக எழுதுகிறேன். அண்ணனும் பிள்ளைகளும் நலந்தானே? நான் கடிதம் எழுதுவது உங்கள் தம்பிக்குத் தெரியாது. வீட்டில் இருக்கிற ஒரே போன் இவர்கள் சட்டைப்பையில் இருக்கிறது. பக்கத்து ஊர்ச் சந்தைக்கு வந்த இடத்தில், தபால் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீங்கள் என்ன கேட்டீர்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் உங்கள் தீபாவளிக் கடிதம் வந்த மறுநாளிலிருந்து இவர்கள் விடிந்ததும் ஒரு சில்வர் டம்ளரை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போகிறார்கள். தென்னையடியில் குனிந்து எதையோ பிடிக்கிறார்கள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார்கள். கொட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். என்ன என்று கேட்டால், "வாய் கொப்பளிக்கப் போனேன்" என்கிறார்கள்.

போன வெள்ளிக்கிழமை இவர்கள் வயலுக்குப் போனதும் நானும் அதே டம்ளரோடு போனேன். என் கீரைப் பாத்தி சேறாகிக் கிடந்தது. பாத்திக்கு நடுவில் விரல்கனம் ஊற்று. ஊற்றைச் சுற்றி எறும்புப் புற்று மாதிரி வட்டமாக மண் குவிந்திருந்தது. தண்ணீரைப் பிடித்தேன். அரிசி கழுவின தண்ணீர் மாதிரி இருந்தது. அடுக்களையில் வைத்துவிட்டுச் சோறு வடித்துவிட்டு வந்து பார்த்தால், டம்ளர் அடியில் மண் படிந்திருந்தது. மதினி, அது கரைக்குள் இருக்கிற மண்.

நேரடியாகவே கேட்டேன். "தண்ணிய இறக்கினா மூணே நாள்ல கூடு அம்புட்டும் நாய்க்குப் போயிரும். கடைமடைப் பயிரும் போயிரும். தை பொறக்கட்டும், சீதா. அதுவரைக்கும் கரை தாங்கும்" என்றார்கள். "தாங்கலைன்னா?" என்றேன். அன்றைக்கே பூஜாவின் கட்டிலைப் பின்னறையிலிருந்து வாசல் பக்கத்து அறைக்குத் தூக்கிப் போட்டார்கள். காற்று வரும் என்று அவளிடம் சொன்னார்கள். இவர்களுக்குப் பயம் இல்லை என்று நினைக்காதீர்கள். சாப்பிடும்போது பாதியில் எழுந்து பின்வாசலைப் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

நானாகப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கிளம்பினால், தலைவர் வீட்டுக்காரியே ஓடிவிட்டாள் என்று ஊர் பேசும், இவர்கள் தலை குனிந்துவிடும். நீங்கள் ஏதாவது காரணம் சொல்லிக் கூப்பிடுங்கள். காரணம் எதுவானாலும் சரி.

உங்கள்
சீதா


தியாகராய நகர்
5 டிசம்பர்

தம்பிக்கு,

விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். மற்ற எல்லோரும் நலம், எனக்குத்தான் உடம்பு சரியில்லை. காதில் ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும் என்கிறார்கள். ஷண்முகப்ரியா தரமணிக்கு வேலைக்குப் போகிறவள், லீவு கிடைக்காது. சீதா வந்து கூட இருந்தால்தான் முடியும். பூஜாவை அங்கே தனியாக விட வேண்டாம், அவளையும் அனுப்பு. மாம்பலத்தில் இறங்கச் சொல், வெங்கடேஷ் வந்து நிற்பான்.

தாமதம் செய்யாதே.

அக்கா


தாழைக்குளம்
9 டிசம்பர்

அன்புள்ள அக்காவுக்கு,

சீதாவும் பூஜாவும் இன்று சாயங்கால ரயிலில் கிளம்புகிறார்கள். இந்தக் கடிதத்தைச் சீதாவின் பையில் வைத்து அனுப்புகிறேன். அவர்கள் நல்லபடியாக வந்து சேர்ந்ததும் வெங்கடேஷை எனக்கு ஒரு போன் செய்யச் சொல்.

உன் காதுக்கு இனி ஆபரேஷன் கிடையாது என்று புரட்டாசியில் நீயே எழுதியிருந்தாய். தெரிந்துதான் அனுப்புகிறேன். ரயில் டிக்கெட்டைக் கையில் கொடுத்தபோது சீதா என் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் எழுதியிருப்பாள் என்று நினைக்கிறேன். அவளிடம் கோபம் இல்லை என்று சொல்.

கலங்கல்தான், அக்கா. முதல்நாள் பார்த்ததிலிருந்தே கலங்கல்தான். முதலில் கீரைப் பாத்தியில் சேறு கலக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடைக்கவில்லை. உனக்கு அந்த ஒரு வார்த்தையை எழுத உட்காருவேன். எழுதிவிட்டால் மறுநாள் எழுந்து ஊரில் சொல்ல வேண்டிவரும். சொன்னால் மறுகால் மூட்டையை எடுக்க வேண்டும், மடையைத் திறக்க வேண்டும். சக்திவேல் முகமும், கூட்டில் வாயைத் திறந்துகொண்டு நிற்கிற குஞ்சுகளும் கண்ணில் வந்துவிடும். பேனாவை மூடிவிட்டு நாரையைப் பற்றி எழுதுவேன்.

வானம் இருட்டிக்கொண்டு வருகிறது. பெருமழை என்று ரேடியோவில் சொல்கிறார்கள். நாளைக் காலை ஊர்க்கூட்டம் கூட்டச் சொல்லியிருக்கிறேன். எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன்.

பூஜாவிடம் நீயாக எதுவும் சொல்ல வேண்டாம்.

தம்பி தனபாலன்


தியாகராய நகர்
14 டிசம்பர்

தம்பி தனபாலா,

இந்தக் கடிதம் உன் கையில் சேருமா, சேருகிற இடத்தில் நீ இருக்கிறாயா, எனக்கு ஒன்றும் தெரியவில்லை. உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கக்கூட வாய் வரவில்லை.

புதன்கிழமை சீதாவோடு நீ போனில் பேசியதுதான் கடைசி. வியாழக்கிழமையிலிருந்து உன் போன் அடிக்கவே இல்லை. அங்கே டவர் விழுந்துவிட்டது என்கிறான் வெங்கடேஷ். டிவியில் உங்கள் பக்கத்து ஊர்களையெல்லாம் காட்டுகிறார்கள். ரோடு இருந்த இடத்தில் பழுப்பாகத் தண்ணீர் ஓடுகிறது. தாழைக்குளத்தின் பெயர் மட்டும் வரவில்லை. வராதது நல்லதா கெட்டதா என்று சீதா கேட்கிறாள். நான் மெஷின் வேலை செய்யாதது மாதிரி இருந்துவிட்டேன்.

பூஜாவிடம் யாரும் சொல்லவில்லை. ஆனால் அவள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு, "அத்தை, என் கட்டிலை அப்பா ஏன் மாத்திப் போட்டாங்க?" என்று கேட்டாள். நான் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டேன்.

நேற்று வீட்டில் இருக்க முடியாமல் சைதாப்பேட்டைப் பாலத்துக்குப் போனேன். அடையாறு கரையைத் தொட்டுக்கொண்டு போகிறது. வேலு அங்கேதான் ஆட்டோவை நிறுத்திக்கொண்டு நின்றான். என் முகத்தைப் பார்த்ததும், "யக்கா, உன் தம்பிக்கு ஒண்ணும் ஆயிருக்காது. அவரு இன்னா கொயந்தையா? மேட்டாண்ட ஏறிகினு இருப்பாரு" என்றான். கூலி வாங்காமல் வீட்டில் கொண்டுவந்து விட்டான்.

வெங்கடேஷ் நாளை ரயில் ஓடினால் கிளம்புகிறான். இந்தக் கடிதத்தை அவனிடமே கொடுத்துவிடுகிறேன். எங்காவது இரு, தம்பி. எந்தக் கோலத்திலாவது இரு.

அக்கா


தாழைக்குளம், அரசு நடுநிலைப் பள்ளி
24 டிசம்பர்

அன்புள்ள அக்காவுக்கும் சீதாவுக்கும் பூஜாவுக்கும்,

உயிரோடு இருக்கிறேன். வெங்கடேஷ் போனில் சொல்லியிருப்பான். இடது தோளில் மட்டும் அடி, கட்டுப் போட்டிருக்கிறார்கள். அவன் கொண்டுவந்த உன் கடிதத்தை இந்தப் பள்ளிக்கூட வராந்தாவில் உட்கார்ந்து படித்தேன். அவனை அனுப்பி வைத்த பிறகும், உங்களுக்கு எழுத இத்தனை நாள் ஆகிவிட்டது.

அன்றைக்குக் கூட்டத்தில் சொன்னேன். முதலில் யாரும் நம்பவில்லை. எல்லோரையும் எங்கள் பின்வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய் ஊற்றைக் காட்டினேன். சத்தம் அடங்கிவிட்டது. சக்திவேல் மட்டும் துண்டை உதறிக்கொண்டு நின்றான். "ஏன் அண்ணாச்சி, தண்ணிய விட்டுட்டு நாங்க என்னத்தத் திங்கிறது? மூட்டைய எவனாது தொடட்டும், பாத்துக்கிடுதேன்" என்றான். பெண்கள்தான் முடிவு செய்தார்கள். பேச்சு முடியுமுன் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்து மேட்டுக்கு நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் கரையடித் தெரு காலி.

மடையைத் திறந்தோம். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மடை வழியாகப் போவதைவிட வருவது அதிகம். மறுகால் மூட்டைகளை எடுத்தே ஆக வேண்டும். வியாழக்கிழமை மத்தியானம், மழையில் கண் தெரியவில்லை. நான் தனியாக மூட்டையை இழுத்துக்கொண்டிருந்தேன். நனைந்த மூட்டை அசையவில்லை. பக்கத்தில் ஒரு கை வந்து பிடித்தது. சக்திவேல். இரண்டு பேரும் சேர்ந்து பாதிக்கு மேல் உருட்டிவிட்டோம். தண்ணீர் மறுகாலில் பாய ஆரம்பித்தது. கொஞ்சம் மூச்சு வந்தது.

கரைமேல் திரும்பி நடந்து வரும்போது, எங்கள் தென்னைக்கு நேர் மேலே, காலடியில் மண் மெத்தை மாதிரி அமுங்கியது. ஓடு என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் எனக்கும் அவனுக்கும் நடுவில் கரை இல்லை. நான் இந்தப் பக்கம் விழுந்தேன். அவன் தண்ணீரோடு போனான். நம் வீடு நின்றதைக் கடைசியாகப் பார்த்தேனா என்றுகூட எனக்கு நினைவில்லை. பிறகு பார்த்தபோது அந்த இடத்தில் ஓடை ஓடியது.

சக்திவேலை மறுநாள் காலை புளியந்தோப்பில் கண்டுபிடித்தோம். மரக்கிளையில் செருகிக்கொண்டு கிடந்தான். உயிர் இருந்தது. இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. இனி நடப்பானா என்று டாக்டர் சொல்லவில்லை. ஊரில் வேறு யாருக்கும் ஒன்றும் இல்லை.

ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எப்பயிலேர்ந்து தெரியும் அண்ணாச்சி?" என்று கேட்டான்.

"தீபாவளி கழிஞ்சதுலேர்ந்து."

"அப்பமே சொல்லியிருந்தா நான் சண்டைதான் போட்டிருப்பேன். ஆனா சொல்லியிருக்கலாம்லா" என்றான். சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் மனைவி எனக்கு ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டாள். அதில் உட்கார என்னால் முடியவில்லை.

குளம் சேறாகிவிட்டது. பெரிய நாரைகளில் பாதி போய்விட்டன. பயிர் போய் வேலையில்லாமல் இருக்கிற ஆட்கள் கம்பை எடுத்துக்கொண்டு மரங்களைச் சுற்றி நிற்கிறார்கள், நாய் வராமல். யாரும் சொல்லி வரவில்லை. மீதிக் குஞ்சுகள் இருக்கின்றன என்று பூஜாவிடம் சொல்லுங்கள்.

கரையைப் போட்டதும் அப்பா வீடு இருந்த அதே இடத்தில் ஒரு வீட்டை எழுப்பிவிட்டு உங்களைக் கூப்பிடுகிறேன், சீதா.

தனபாலன்


தியாகராய நகர்
20 ஜனவரி

பூஜா அப்பாவுக்கு,

தோள் வலி எப்படி இருக்கிறது? வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொள்ளுங்கள். மதினியும் அண்ணனும் எங்களைக் கண்ணுக்குக் கண்ணாக வைத்திருக்கிறார்கள். பூஜா உங்களை நினைத்துக்கொண்டே இருக்கிறாள். குழாயைத் திறந்துவிட்டு யாராவது மறந்துவிட்டால் ஓடிப்போய் மூடுகிறாள். இங்கே அவளுக்கு அது ஒரு பழக்கமாகிவிட்டது.

அதே இடத்தில் வீடு கட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். நான் வரமாட்டேன். கரைக்குக் கீழே இனி ஒருநாளும் தூங்கமாட்டேன். உங்கள் அப்பா கட்டின இடம் என்பது எனக்குத் தெரியும். அந்த அடுக்களையில் நானும் பதினைந்து வருஷம் சோறாக்கியிருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நேரில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன். கரை கரைவது உங்களுக்குத் தெரியும். பிள்ளையின் கட்டிலை மட்டும் நகர்த்திப் போட்டீர்கள். நான் பின்னறையிலேயேதான் படுத்திருந்தேன், நீங்களும் என் பக்கத்தில் படுத்திருந்தீர்கள். இரண்டு பேரும் முழித்துக்கொண்டு கிடந்தோம், இரண்டு பேருக்கும் தெரியும், ஒரு வார்த்தை பேசவில்லை. அதை நினைத்துத்தான் இப்போதும் ராத்திரியில் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். வெள்ளத்தை நான் பார்க்கவில்லை. அந்த அறையை மறக்க முடியவில்லை.

எங்கே கட்டப் போகிறீர்கள் என்று எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு நான் வருவதா வேண்டாமா என்று சொல்கிறேன். சக்திவேல் வீட்டுக்குப் போய்க்கொண்டிருங்கள். அவர்கள் பேசாவிட்டாலும் போங்கள்.

சீதா


தாழைக்குளம்
6 பிப்ரவரி

அன்புள்ள சீதாவுக்கு,

தோள் தேவலை. பூஜாவுக்கும் அக்கா அத்தானுக்கும் என் அன்பைச் சொல். உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். நீ எழுதியது எல்லாம் சரி.

பள்ளிக்கூடத்துக்கு மேற்கே பாறை மேட்டில் இடம் கேட்டிருக்கிறேன். தண்ணீர் எடுக்கத் தூரம், வெயில் அதிகம். ஆனால் அங்கிருந்து பார்த்தால் குளம் நமக்குக் கீழே இருக்கிறது. ஊர் சம்மதித்துவிட்டது. கரையடித் தெருவிலிருந்து இன்னும் சில வீடுகளும் மேலே வருகின்றன.

சக்திவேல் வீட்டுக்குத் தினமும் போகிறேன். அவன் இன்னும் பேசவில்லை. நேற்று அவன் மனைவி வயலில் இருந்தாள். அவனைத் திருப்பிப் படுக்க வைக்க ஆள் வேண்டியிருந்தது. நான் பிடித்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை.

உடைந்த இடத்தில் மண் கொட்டி, நனைத்து, உருளை ஓட்டிப் புதிய கரை போட்டிருக்கிறார்கள். இன்று காலை அதன்மேல் நடந்தேன். வடக்கு முனையில், பழைய கரையும் புதிய கரையும் சேருகிற இடத்தில், ஒரு விரிசல் இருக்கிறது. விரல் நுழைகிற அளவு. வெயிலில் மண் காய்ந்து வெடித்ததாகவும் இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். எனக்குத் தெரியவில்லை. கோயில் மைக்கைப் போட்டு ஊரில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். பொதுப்பணித் துறை இன்ஜினியருக்கு ஆள் போயிருக்கிறது. பெண்களும் ஆண்களுமாக இப்போது கரைமேல் நின்று அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

உனக்கும் எழுதுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது, சீதா.

தனபாலன்